செல் வால்யூமை எப்படி முடிவு பண்றது: எக்ஸ்பெரிமெண்ட் வேல்யூவா, விசி-ரிலாக்ஸா, ஈஓஎஸ் ஃபிட்டா, என்பிடியா?

சிலிக்கானை எடுத்துக்கோங்க. புக்ல இருக்குற லாட்டிஸ் கான்ஸ்டன்ட் 5.431 ஆங்ஸ்ட்ராம். அதை அப்படியே போட்டு பிபிஇ ஃபங்ஷனல்ல (எலக்ட்ரான்களுக்கு நடுவுல நடக்குறதைத் தோராயமா சொல்ற ஒரு ஃபார்முலா) ஒரு டிஎஃப்டி ரன், அதாவது எலக்ட்ரான் அடர்த்தியை வச்சு எனர்ஜி போடுற குவாண்டம் கணக்கு, ஓட்டினா எனர்ஜி அழகா கன்வெர்ஜ் ஆகும், ஃபோர்ஸ் எல்லாம் சிமெட்ரியாலயே ஜீரோ, ஆனா ப்ரெஷர் மட்டும் 19 கிலோபார் பக்கத்துல வந்து நிக்கும். மரியானா அகழியோட அடியில இருக்குற தண்ணி ப்ரெஷரே ஒரு கிலோபாருக்குக் கொஞ்சம் மேலதான், அப்போ 19னா யோசிச்சுக்கோங்க. நாம நினைச்சது மேஜை மேல சும்மா கிடக்குற ஒரு சிலிக்கான் துண்டு.

இதைப் பார்த்ததும் சிலர் "டிஎஃப்டின்னா அப்படித்தான்"னு கண்டுக்காம போயிடுவாங்க, சிலர் பதறிப்போய் உடனே விசி-ரிலாக்ஸ் (அணுவோட சேர்த்து செல்லையும் மாற விடுறது) ஆன் பண்ணிடுவாங்க. எந்த வால்யூம்ல உட்காரணும்ங்கிறது அந்த ரன்ல இருந்து நீங்க என்ன நம்பரை எடுத்துட்டுப் போகப் போறீங்கங்கிறதைப் பொறுத்த விஷயம். பேண்ட் கேப் வேணும்னா ஒரு வழி, ஃபோனான் (அணு அதிர்வு) வேணும்னா வேற வழி, டிஃபெக்ட் எனர்ஜின்னா அது இன்னொரு கதை. அதனால பொதுவா எது பெஸ்ட்னு கேட்காம, இருக்குற வழிகளை ஒவ்வொண்ணா வச்சுப் பார்ப்போம்.

முதல்ல அந்த 19 எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்துடலாம், ஏன்னா இந்தக் கணக்கு புரிஞ்சா மீதி எல்லாம் தன்னால புரியும். பிபிஇ-யைப் பொறுத்தவரைக்கும் சிலிக்கானோட இயல்பான சைஸ் 5.431 இல்ல, 5.469 ஆங்ஸ்ட்ராம். அந்த ஃபங்ஷனல் பாண்டைக் கொஞ்சம் தளர்வா கட்டும், அது அதோட சுபாவம், எல்டிஏ-ங்கிற இன்னொரு ஃபங்ஷனல் நேர் எதிரா இறுக்கிக் கட்டி 5.40 பக்கம் கொண்டு போகும். 5.469-ஐக் க்யூப் பண்ணா 163.6, 5.431-ஐக் க்யூப் பண்ணா 160.2, ஆக நீங்க பிபிஇ சிலிக்கானை 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல நசுக்கி வச்சிருக்கீங்க. பிபிஇ பல்க் மாடுலஸ் (நசுக்குறதை எவ்வளவு எதிர்க்குதுங்கிற அளவு) 88, 89 ஜிகாபாஸ்கல், அதோட இந்த 2 சதவீதத்தைப் பெருக்கி, நசுக்க நசுக்க இறுகும்ங்கிற சின்ன கரெக்‌ஷனையும் சேர்த்தா 1.9 ஜிகாபாஸ்கல், அதாவது 19 கிலோபார். கோட்ல எந்த பக்கும் இல்ல, உங்க இன்புட்லயும் தப்பு இல்ல. ரெண்டு வேற வேற சிலிக்கானைப் போட்டுக் குழப்பிக்கிறோம், ஒண்ணு லேப்ல இருக்குறது, இன்னொண்ணு பிபிஇ உலகத்துல இருக்குறது.

ப்ரெஷர்ங்கிறது எனர்ஜி-வால்யூம் வளைவோட சரிவு, மைனஸ் போட்டுக்கணும், அவ்வளவுதான். அந்த வளைவு ஒரு வாணலி மாதிரி, அடிப்பகுதியில நல்லா தட்டையா இருக்கும், அதனால மினிமத்துல இருந்து கொஞ்சம் நகர்ந்தா எனர்ஜி மாறினதே தெரியாது, ஆனா சரிவு உடனே தெரியும். சிலிக்கான் கேஸ்லயே கணக்குப் போட்டுப் பாருங்க, 2 சதவீதம் நசுக்கினதுக்கு எனர்ஜி ஏறினது ஒரு அணுவுக்கு 2.4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். ரூம் டெம்பரேச்சர்ல கேடி, அதாவது வெப்ப அசைவோட எனர்ஜி அளவு, 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அதே நகர்வுக்கு ப்ரெஷர் 19 ஆயிரம் அட்மாஸ்ஃபியர். உங்களுக்கு வேண்டிய நம்பர் எனர்ஜி வித்தியாசம் மட்டும்தான்னா, 19 கிலோபாரைப் பார்த்து தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். சரிவையோ வளைவையோ சார்ந்த நம்பர்னா, அதாவது எலாஸ்டிக் கான்ஸ்டன்ட், ஃபோனான், தெர்மல் எக்ஸ்பான்ஷன் மாதிரி எதுவா இருந்தாலும், கண்டிப்பா பார்க்கணும்.

இன்னொரு விஷயம், சைனும் யூனிட்டும். இதுல ஆளாளுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. வாஸ்ப், குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோங்கிற ரெண்டு டிஎஃப்டி கோட்லயும் ப்ரெஷர் பாசிட்டிவ்னா செல் நசுங்கி இருக்கு, விரியணும்னு துடிக்குதுன்னு அர்த்தம், கிலோபார்ல வரும். இந்தக் கோடுகளை ஓட்டுற பைதான் லைப்ரரியான ஏஎஸ்ஈ-ல ஸ்ட்ரெஸ் கேட்டா சைன் தலைகீழ், நசுங்கின செல்லுக்கு நெகட்டிவ் வரும், அதுவும் க்யூபிக் ஆங்ஸ்ட்ராமுக்கு எத்தனை எலக்ட்ரான் வோல்ட்ங்கிற யூனிட்ல, அதுல 1 போட்டா 160.2 ஜிகாபாஸ்கல். எம்டி (அணுக்களை நேரத்தோட ஓட விட்டுப் பார்க்குற சிமுலேஷன்) கோடான லாம்ப்ஸ்ல மெட்டல் யூனிட்னா பார், ரியல் யூனிட்னா அட்மாஸ்ஃபியர். நாலு கோடுக்கு நடுவுல ஸ்க்ரிப்ட் எழுதுறவங்க முதல்ல ஒரு செல்லை வேணும்னே 2 சதவீதம் நசுக்கி சைன் எந்தப் பக்கம் வருதுன்னு பார்த்துட்டு மேல போறது நல்லது.

சரி, முதல் ஆப்ஷன், எக்ஸ்பெரிமெண்ட் செல்லை அப்படியே வச்சுக்கிட்டு அணுக்களை மட்டும் ரிலாக்ஸ் பண்றது. வாஸ்ப்ல எதை எல்லாம் நகர விடணும்னு சொல்ற ஐசிஃப் டேக்குக்கு 2, எஸ்ப்ரெஸ்ஸோல வெறும் ரிலாக்ஸ். இதை "சோம்பேறி வழி"ன்னு சிலர் ஒதுக்குறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கேலியம் ஆர்சனைடைப் பாருங்க. எக்ஸ்பெரிமெண்ட் லாட்டிஸ் 5.653, பிபிஇ கொடுக்கிறது 5.75 பக்கம், வால்யூம்ல 5 சதவீத வித்தியாசம். இந்த மெட்டீரியலோட டைரக்ட் கேப் ப்ரெஷருக்கு ரொம்ப சென்சிடிவ், ஒரு ஜிகாபாஸ்கலுக்கு 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கொஞ்சம் மேல நகரும். அப்போ பிபிஇ ஜாமெட்ரியில கேப் எடுத்தா, ஏற்கனவே குறைச்சுச் சொல்ற பிபிஇ கேப்பு செல் விரிஞ்சதால இன்னும் சில பத்து சதவீதம் சுருங்கி, கிட்டத்தட்ட மெட்டல் மாதிரி தெரிய ஆரம்பிக்கும். எலக்ட்ரானிக் ஸ்ட்ரக்சரோட பிழையையும் ஜாமெட்ரியோட பிழையையும் ஒண்ணா கலந்துட்டு அப்புறம் எது எதால வந்துச்சுன்னு தேடுறதுக்கு, எக்ஸ்பெரிமெண்ட் செல்லைப் பிடிச்சு வச்சுட்டு ஒரே ஒரு பிழையோட மல்லுக்கட்டுறது எவ்வளவோ மேல். ஃபங்ஷனல்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுறவங்களுக்கும் இதே நியாயம்தான்.

இதை விட மோசமான உதாரணம் லெட் டைட்டனேட். டெட்ராகோனல் ஃபேஸ், நிஜத்துல சி/ஏ விகிதம் 1.06 பக்கம். பிபிஇ-ல செல்லை முழுசா ஃப்ரீயா விட்டா அது 1.23, 1.24 வரைக்கும் நீண்டு போயிடும், சூப்பர் டெட்ராகோனாலிட்டின்னு இதுக்குப் பேரே வச்சுட்டாங்க. கன்வெர்ஜ் ஆகும், ப்ரெஷர் ஜீரோ வரும், ஃபோர்ஸ் ஜீரோ வரும், பார்க்க எல்லாமே பக்காவா இருக்கும், ஆனா அது லெட் டைட்டனேட் இல்ல. போலரைசேஷன், பீசோ கான்ஸ்டன்ட்னு அங்க இருந்து எடுக்குற எந்த நம்பரும் உதவாது. இந்த மாதிரி கேஸ்ல ப்ரெஷர் ஜீரோங்கிறது சர்டிஃபிகேட் இல்ல, ஃபங்ஷனல் தன்னோட மனசுக்குள்ள சமாதானமா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். இங்க ரெண்டு வழி இருக்கு. எக்ஸ்பெரிமெண்ட் செல்லைப் பூட்டி வைக்கலாம், இல்ல 2006-ல வந்த வூ-கோஹன் ஃபங்ஷனலோ 2008-ல வந்த பிபிஇசோலோ போட்டு ரிலாக்ஸ் பண்ணலாம். நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன், ஏன்னா எக்ஸ்பெரிமெண்ட் செல்லைப் பூட்டினா உள்ள ஒரு தப்பான ஸ்ட்ரெஸ் சுமந்துக்கிட்டே இருக்கும், அதோட ஃபோனான் எடுத்தா கதை வேற மாதிரி போகும்.

கிராஃபைட் மாதிரி லேயர் மெட்டீரியலும் இதே ரகம். வான் டெர் வால்ஸ் கரெக்‌ஷன் இல்லாத பிபிஇ-ல லேயர்களை ஒட்ட வைக்கிற விசை இருக்கா இல்லையான்னே தெரியாத அளவுக்குத்தான் இருக்கும். நிஜத்துல சி-ஆக்சிஸ் 6.71 ஆங்ஸ்ட்ராம், வெறும் பிபிஇ-ல ஃப்ரீயா விட்டா எங்கயோ போகும். டி3 மாதிரி ஒரு டிஸ்பெர்ஷன் கரெக்‌ஷன் போடாம லேயர் மெட்டீரியல்ல விசி-ரிலாக்ஸ் தொடாதீங்க.

எக்ஸ்பெரிமெண்ட் செல்லுக்கு எதிரா சொல்ல வேண்டியதையும் சொல்லிடணும். எக்ஸ்ரேல அளந்த செல் ரூம் டெம்பரேச்சர்ல அளந்தது, உங்க டிஎஃப்டி எனர்ஜி ஜீரோ கெல்வின்ல, அதுவும் ஜீரோ பாயின்ட் அசைவு கூட இல்லாத உறைஞ்ச அணுக்கள். வைரத்துல ஜீரோ பாயின்ட் அசைவு மட்டுமே லாட்டிஸ் கான்ஸ்டன்டை 0.4 சதவீதம் கிட்ட பெருசாக்கும். 0.4 லாட்டிஸ்ல, வால்யூம்ல 1.2, வைரத்தோட பல்க் மாடுலஸ் 443 ஜிகாபாஸ்கல், பெருக்கிப் பாருங்க, 5 ஜிகாபாஸ்கல் தாண்டுது. மைனஸ் 50 கிலோபார் வருதேன்னு ஃபங்ஷனலைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒப்பிடுறது ஒரே விஷயத்தைத்தானான்னு பார்க்கணும்.

ரெண்டாவது ஆப்ஷன், எல்லாரும் கை வைக்கிறது, செல்லோட ஷேப், வால்யூம், அணு எல்லாத்தையும் ஒரே ரன்ல ரிலாக்ஸ் பண்றது. ஐசிஃப் 3, இல்லன்னா எஸ்ப்ரெஸ்ஸோவோட விசி-ரிலாக்ஸ். 1980-களோட முதல் பாதியில நீல்சனும் மார்ட்டினும் ஸ்ட்ரெஸ்ஸை நேரடியா குவாண்டம் மெக்கானிக்ஸ்ல இருந்து கணக்குப் போடுற வழியைக் காட்டினதாலதான் இது இவ்வளவு ஈசியா இருக்கு, அதுக்கு முன்னாடி வளைவு போட்டுத்தான் பார்க்கணும். மோனோகிளினிக், ட்ரைகிளினிக் மாதிரி சிமெட்ரி கம்மியான ஸ்ட்ரக்சருக்கு நாலு, ஆறு செல் பாராமீட்டரைக் கையால தேட முடியாது, அங்க இதை விட்டா வேற வழியே இல்ல.

ஆனா இதுல ஒரு பழைய வில்லங்கம் இருக்கு, புலே ஸ்ட்ரெஸ். ப்ளேன் வேவ் கோட்ல எலக்ட்ரானை நிறைய சின்ன அலைகளோட கூட்டலா எழுதுவாங்க, அந்த அலைத் தொகுப்புதான் பேசிஸ், எந்த எனர்ஜி வரைக்கும் அலைகளைச் சேர்க்கிறோம்ங்கிறதுதான் கட்ஆஃப். ரன் ஆரம்பிக்கும்போது இருக்குற செல்லை வச்சு எத்தனை ப்ளேன் வேவ்னு முடிவாகும், ரன் நடுவுல செல் மாறினாலும் அந்த லிஸ்ட் மாறாது. செல் விரிஞ்சா அதே எண்ணிக்கை ப்ளேன் வேவ் இப்போ குறைஞ்ச கட்ஆஃபுக்குச் சமம், பேசிஸ் மோசமாகி எனர்ஜி ஏறும். செல் சுருங்கினா கட்ஆஃப் கூடின மாதிரி, எனர்ஜி இறங்கும். அதனால கோடுக்கு எப்பவும் ஒரு பொய்யான ஆசை இருக்கும், சின்னதா ஆகணும்னு. சரியான வால்யூமை விடக் கொஞ்சம் கம்மியா போய் உட்கார்ந்துட்டு "ப்ரெஷர் ஜீரோ"ன்னு சொல்லும்.

இதுல வாஸ்ப் யூஸ் பண்றவங்க நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு. அவுட்கார் ஃபைல்ல எக்ஸ்டர்னல் ப்ரெஷர் வர்ற அதே வரியில, பக்கத்துலயே புலே ஸ்ட்ரெஸ் 0.00 கிலோபார்னு போட்டிருக்கும். அதைப் பார்த்துட்டு அப்பாடா, புலே ஸ்ட்ரெஸ் இல்லன்னு நிம்மதியா மூடிடுவாங்க. அந்த நம்பர் கோடு கணக்குப் போட்டது கிடையாது, நீங்க பி-ஸ்ட்ரெஸ் டேக்ல என்ன கொடுத்தீங்களோ அதைத்தான் திருப்பிக் காட்டுது. ஒண்ணும் கொடுக்கலன்னா ஜீரோன்னு வரும். நிஜமான புலே ஸ்ட்ரெஸ் எவ்வளவுன்னு தெரியணும்னா கட்ஆஃபை ஏத்தி ஏத்தி அதே செல்லுல ப்ரெஷர் எவ்வளவு நகருதுன்னு பார்க்கணும். எனர்ஜி எப்பவோ செட்டில் ஆகியிருக்கும், ப்ரெஷர் இன்னும் ஏறிக்கிட்டே இருக்கும், அந்த வித்தியாசம்தான் அது.

தீர்வு தெரிஞ்சதுதான், கட்ஆஃபைக் கூட்டுறது. சிலிக்கானோட பிபிஇ போட்கார்ல (வாஸ்போட பொட்டென்ஷியல் ஃபைல்) இன்மேக்ஸ், அதாவது அது சிபாரிசு பண்ற கட்ஆஃப், 245.345 எலக்ட்ரான் வோல்ட்னு இருக்கும், வழக்கமா சொல்ற 1.3 மடங்கு போட்டா 319, அதனால 320ன்னு வச்சுக்கலாம், ஆக்சைடுன்னா ஆக்சிஜனோட 400 தான் பேசும், அதை 520க்கு ஏத்தணும். கூட்டினதோட விடாம, ரிலாக்ஸ் முடிஞ்ச செல்லை எடுத்து புது ரன்னா திரும்ப ஓட்டணும், பேசிஸ் புது செல்லுக்கு ஏத்த மாதிரி மறுபடி உருவாகும். மாற்றம் ஒண்ணும் இல்லன்னு ஆகுற வரைக்கும் இப்படியே. எஸ்ப்ரெஸ்ஸோ இதுல கொஞ்சம் நேர்மையான பையன், விசி-ரிலாக்ஸ் முடிஞ்சதும் புது செல்லுக்குப் புது பேசிஸ் போட்டு கடைசியா ஒரு எஸ்சிஎஃப் (எதையும் நகர்த்தாத எனர்ஜி கணக்கு) அதுவே ஓட்டிக் காட்டும், அதுல வர்ற ப்ரெஷர் ரிலாக்ஸேஷனோட கடைசி ஸ்டெப்ல வந்த ப்ரெஷர்ல இருந்து விலகி இருந்தா உங்க கட்ஆஃப் பத்தலன்னு அர்த்தம். நிறைய பேர் அந்தக் கடைசி எஸ்சிஎஃப் வரைக்கும் ஸ்க்ரோல் பண்றதே இல்ல.

எவ்வளவு ப்ரெஷர் மிச்சம் இருந்தா பரவாயில்லன்னு அடுத்த கேள்வி வரும். எஸ்ப்ரெஸ்ஸோவோட டீஃபால்ட் 0.5 கிலோபார், அதை எல்லாருக்கும் பொதுவான அளவுகோல்னு எடுத்துக்காதீங்க. மிச்ச ப்ரெஷரை பல்க் மாடுலஸால வகுத்தா வால்யூம் பிழை வரும், அதைத்தான் பார்க்கணும். 1 கிலோபார் மிச்சம்னு வைங்க. வைரத்துக்கு அது 0.02 சதவீதம், கண்டுக்கவே வேண்டாம். சிலிக்கானுக்கு 0.11 சதவீதம், லாட்டிஸ்ல 0.002 ஆங்ஸ்ட்ராம், முக்கால்வாசி வேலைக்கு ஓகே. ஆனா 10 ஜிகாபாஸ்கல் மாடுலஸ் இருக்குற ஒரு மாலிக்யூலர் க்ரிஸ்டலுக்கு அதே 1 கிலோபார் ஒரு முழு சதவீதம். மருந்து பாலிமார்ஃப் பண்றவங்க, பெராவ்ஸ்கைட் ஹாலைடு பண்றவங்க எல்லாம் டீஃபால்டை நம்பாம இறுக்கிக்கணும்.

ஸ்லாப் (சர்ஃபேஸ் பார்க்க வெட்டின பலகை), நானோ ஷீட் பண்றவங்களுக்குத் தனியா ஒரு வரி. வேக்குவம் இருக்குற செல்லுல ப்ரெஷர்னு அச்சாகுற நம்பருக்கு நேரடியா அர்த்தம் இல்ல, ஏன்னா வகுக்குற வால்யூம்ல பாதிக்கு மேல வெறும் காத்து கூட இல்லாத இடம். வேக்குவத்தைக் கூட்டினா நம்பர் குறையும், மெட்டீரியல் மாறவே இல்ல. ஐசிஃப் 3 போட்டா வேக்குவம் மெதுவா சுருங்கி லேயர் தன்னோட பீரியாடிக் காப்பியைப் போய்த் தொட்டாலும் தொடும். எஸ்ப்ரெஸ்ஸோல செல் டோஃப்ரீக்கு 2டி-எக்ஸ்ஒய் கொடுத்து ப்ளேனை மட்டும் விடுங்க. மெட்டல் சர்ஃபேஸ்னா ஸ்லாபோட செல்லை ரிலாக்ஸ் பண்ணவே கூடாது, அதே ஃபங்ஷனல்ல பல்க் லாட்டிஸ் எடுத்து அதுல இருந்து வெட்டணும். தங்கத்துக்கு நிஜம் 4.08, பிபிஇ 4.16. 4.08-ல ஸ்லாப் வெட்டினா ஒரு மாலிக்யூல் ஒட்டுறதுக்கு முன்னாடியே சர்ஃபேஸ் 2 சதவீதம் அமுங்கி இருக்கும், அட்சார்ப்ஷன் எனர்ஜி அதுக்கு ஏத்த மாதிரி ஆடும். முதல் ஆப்ஷனுக்கு நான் சொன்ன சப்போர்ட் எல்லாம் இங்க செல்லாது.

மூணாவது ஆப்ஷன்தான் என் கட்சி, ஈஓஎஸ் (ஈக்வேஷன் ஆஃப் ஸ்டேட்) ஃபிட். கொஞ்சம் பழைய காலத்து வழி. ஏழெட்டு வால்யூம் எடுத்து ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா எனர்ஜி கணக்குப் போட்டு ஒரு வளைவை ஃபிட் பண்றது. மர்னகன் 1944, பர்ச் 1947, வினெட் 1987, இதுல பர்ச்-மர்னகன் மூணாம் ஆர்டர்தான் எல்லாரும் போடுறது, மினிமம் பக்கத்துல எதைப் போட்டாலும் பெருசா வித்தியாசம் வராது, ரொம்ப நசுக்கினாதான் வினெட் ஜெயிக்கும். ஒவ்வொரு பாயின்டும் ஒரே கட்ஆஃப்ல புதுசா ஆரம்பிக்கிறதால புலே பிரச்சனை பெரும்பாலும் ஓடிப்போயிடும். ஸ்ட்ரெஸ்ஸை நம்பவே வேண்டாம், எனர்ஜியை மட்டும் நம்பினா போதும். மினிமம் வால்யூமோட பல்க் மாடுலஸும் அதோட டெரிவேட்டிவும் இலவசமா கையில வரும். 2016-ல சயன்ஸ் ஜர்னல்ல வந்த அந்தப் பெரிய டிஎஃப்டி கோட் ஒப்பீட்டுலயும் 71 எலிமென்ட் க்ரிஸ்டலுக்கு இதைத்தான் பண்ணாங்க, ப்ளஸ் மைனஸ் 6 சதவீத வால்யூம், ஏழு பாயின்ட். அதுலதான் நல்ல கோடுகள் எல்லாம் ஒரே வளைவைக் கொடுக்குதுன்னு ஊர் அறிய நிரூபணம் ஆச்சு.

இன்னொரு லாபம், வளைவு பொய் சொல்லாது. விசி-ரிலாக்ஸ் உங்களுக்கு ஒரே ஒரு பாயின்டைத்தான் காட்டும், அது எங்க மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு தெரியாது. ஏழு பாயின்ட் இருந்தா ஒண்ணு வரிசையில இருந்து விலகினா பளிச்சுனு தெரியும். இரும்பு மாதிரி மேக்னட்ல ஒரு வால்யூம்ல மொமென்ட் வேற ஸ்டேட்டுக்கு விழுந்துட்டா வளைவுல ஒரு முறிவு வரும், அப்போ அந்த பாயின்டை மறுபடி ஓட்டணும்னு புரியும். அதே மாதிரி வளைவு ரம்பம் மாதிரி பல்லு பல்லா வந்தா கட்ஆஃப் பத்தல, இல்ல கே-பாயின்ட் க்ரிட் (எலக்ட்ரான் அலைகளை சாம்பிள் எடுக்குற கட்டம்) வால்யூமுக்கு வால்யூம் மாறுது. தானா க்ரிட் போடுற ஸ்க்ரிப்ட் வச்சிருக்கவங்க இதுல கவனம், ஏழு வால்யூமுக்கும் ஒரே க்ரிட்டை எழுதிக் கொடுத்துடுங்க.

குறை என்னன்னா, க்யூபிக்குக்கு இது ஜாலி, மத்ததுக்கு வேலை ஜாஸ்தி. ஹெக்சகோனல் செல்லை அப்படியே ஒரே சீரா பெருசாக்கி சின்னதாக்கி ஃபிட் பண்ணா சி/ஏ விகிதம் உறைஞ்சு கிடக்கும், வளைவு நிஜத்தை விட செங்குத்தா வரும், மாடுலஸ் கூடுதலா வரும். ஒவ்வொரு வால்யூம்லயும் ஷேப்பையும் அணுவையும் ரிலாக்ஸ் பண்ணணும், வாஸ்ப்ல ஐசிஃப் 4 அதுக்குத்தான் இருக்கு. 100 அணு மோனோகிளினிக் செல்லுக்கு இதை ஏழு தடவை பண்ண க்ளஸ்டர் டைம் இல்லன்னா, கட்ஆஃபை நல்லா ஏத்தி விசி-ரிலாக்ஸ் பண்ணிட்டு, கடைசியில மூணே மூணு வால்யூம்ல எனர்ஜி எடுத்து நடு பாயின்ட்தான் கீழ இருக்கான்னு பாருங்க. நான் பார்த்த வரைக்கும் பெரிய செல்லுக்கு இந்தக் கலப்பு வழிதான் செலவுக்கும் நிம்மதிக்கும் சரியா வருது.

வேணும்னே ப்ரெஷர் வைக்கிறவங்க, அதாவது ஹை ப்ரெஷர் ஆளுங்களுக்கு கதை கொஞ்சம் மாறும். இப்போ ஒப்பிட வேண்டியது எனர்ஜி இல்ல, என்தால்பி, எனர்ஜியோட ப்ரெஷர் பெருக்கல் வால்யூம் கூட்டணும். சிலிக்கான் வைர ஸ்ட்ரக்சர்ல இருந்து பீட்டா டின்னுக்கு மாறுறது எக்ஸ்பெரிமெண்ட்ல 11, 12 ஜிகாபாஸ்கல் பக்கம். இதைப் பிடிக்க பி-ஸ்ட்ரெஸ் போட்டு ப்ரெஷர் வாரியா ரிலாக்ஸ் பண்ணலாம், இல்ல ரெண்டு ஃபேஸுக்கும் ஈஓஎஸ் போட்டு என்தால்பி வெட்டுற இடத்தைப் பார்க்கலாம். ஈஓஎஸ் ரெண்டே ரெண்டு செட் ரன்ல எல்லா ப்ரெஷருக்கும் பதில் சொல்லிடும், பி-ஸ்ட்ரெஸ் வழியில ஒவ்வொரு ப்ரெஷருக்கும் தனி ரன், அதுவும் புலே பிழையோட. ஆனா ப்ரெஷர் ஏற ஏற ஸ்ட்ரக்சர் உள்ளுக்குள்ள வளைஞ்சு நெளியுற மெட்டீரியல்னா பி-ஸ்ட்ரெஸ்தான் பாதுகாப்பு.

டெம்பரேச்சர் உள்ள வந்தா என்பிடி எம்டி, அதாவது ப்ரெஷரையும் டெம்பரேச்சரையும் பிடிச்சு வச்சு வால்யூமை ஆட விடுறது. இங்க முதல்ல பயமுறுத்துறது ப்ரெஷர் ஆடுற ஆட்டம். 216 தண்ணி மாலிக்யூல் இருக்குற பெட்டியில ப்ரெஷர் 500, 600 பார் மேலயும் கீழயும் ஆடுறது சகஜம்னு க்ரோமேக்ஸ் மேனுவல்லயே இருக்கு, நூறு மடங்கு பெரிய பெட்டின்னா அது 50, 60 பாரா குறையும். நீங்க கேட்டது 1 பார், ப்ளாட்ல மைனஸ் 480 தெரியும், அதுல ஒண்ணும் தப்பில்ல. சராசரியையும் அந்த சராசரியோட எரரையும் பாருங்க, அதை விட வால்யூம் நகராம நிக்குதான்னு பாருங்க, அதுதான் நம்பகமானது.

பாரோஸ்டாட் (ப்ரெஷரைப் பிடிச்சு வைக்கிற அல்காரிதம்) எதுன்னா, பெரெண்ட்சன் 1984-ல வந்தது, எங்க இருந்து ஆரம்பிச்சாலும் சமத்தா இறக்கிக் கொண்டு வந்து நிறுத்தும், ஆனா வால்யூம் ஏற்ற இறக்கத்தைத் தப்பா கொடுக்கும், அதுல இருந்து கம்ப்ரெசிபிலிட்டி எடுத்தா மோசம். பாரினெல்லோ-ரஹ்மான் சரியான ஏற்ற இறக்கத்தைக் கொடுக்கும், ஆனா பேலன்ஸ்ல இருந்து தள்ளி ஆரம்பிச்சா பெட்டி ஊஞ்சல் ஆடி சில சமயம் ரன்னே வெடிச்சுடும். ரொம்ப நாளா எல்லாரும் முதல்ல பெரெண்ட்சன், அப்புறம் பாரினெல்லோன்னு ரெண்டு படியா பண்ணிக்கிட்டு இருந்தாங்க, 2020-ல பெர்னெட்டியும் புஸ்ஸியும் கொண்டு வந்த ஸ்டோக்காஸ்டிக் செல் ரீஸ்கேலிங் வந்த பிறகு அந்த ரெண்டு படி தேவையில்ல, உங்க கோட்ல இருந்தா அதையே போடுங்க. லாம்ப்ஸ்ல ஃபிக்ஸ் என்பிடின்னா பி-டேம்ப் (ப்ரெஷரைத் திருத்த எடுத்துக்கிற நேரம்) ஆயிரம் டைம்ஸ்டெப் அளவு வைங்க, அதுக்குக் கீழ போனா பெட்டி துடிக்கும். திரவத்துக்கு ஐசோ (எல்லாப் பக்கமும் ஒரே சீரா மாறுறது) மட்டும்தான், ட்ரை (பெட்டியோட ஷேப்பும் சாய்வும் மாறுறது) போடாதீங்க, ஷியரை எதிர்க்கிற சக்தி திரவத்துக்குக் கிடையாது, பெட்டி மெதுவா சாஞ்சு சப்பையாகி கட்ஆஃபை விட ஒல்லியாகிடும். க்ரிஸ்டல்ல ஃபேஸ் மாற்றம் பார்க்கணும்னா நேர் எதிர், ட்ரை இல்லாம எதுவும் மாறாது.

அப் இனிஷியோ எம்டி-ல (ஃபோர்ஸை டிஎஃப்டி-ல இருந்தே எடுக்குற எம்டி) என்பிடி ஓட்டுறதுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். சின்ன செல், குறைஞ்ச நேரம், கூடவே புலே ஸ்ட்ரெஸ், மூணும் சேர்ந்தா வால்யூம் செட்டில் ஆகுறதுக்குள்ள க்ளஸ்டர் அலாட்மென்ட் முடிஞ்சுடும். நாலஞ்சு வால்யூம்ல என்விடி (வால்யூம் மாறாத எம்டி) ஓட்டி சராசரி ப்ரெஷரை வால்யூமுக்கு எதிரா போட்டு எங்க ஜீரோவை வெட்டுதுன்னு பார்க்குறது மலிவு, பேரலலா ஓட்டவும் தோது. இப்போ மேஸ், சிஎச்ஜிநெட் மாதிரி மெஷின் லேர்னிங் பொட்டென்ஷியல் வந்ததுல என்பிடி சல்லிசா ஆயிடுச்சு, சந்தோஷம்தான், ஆனா அதுல முதல்ல வந்த ரெடிமேட் மாடல்கள் படிச்சது மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட்டோட பிபிஇ டேட்டா. பிபிஇ-யோட தளர்வான வால்யூம் அப்படியே வாரிசா வந்திருக்கும், ஒரு நானோசெகண்ட் ஓட்டினாலும் அது சரியாகாது. இன்னொண்ணு, ஸ்ட்ரெஸ்ஸை எனர்ஜியோட டெரிவேட்டிவா எடுக்காம நேரடியா ஊகிக்கிற மாடல்னா என்பிடிக்குப் போடுறதுக்கு முன்னாடி அது சொல்ற ப்ரெஷரையும், ரெண்டு வால்யூம்ல எனர்ஜி எடுத்து நீங்களே போட்ட சரிவையும் ஒப்பிட்டுப் பார்த்துடுங்க, ரெண்டும் ஒத்துப் போகலன்னா அந்த மாடல்ல பாரோஸ்டாட்டே வேண்டாம்.

கடைசியா டிஃபெக்ட் ஆளுங்க. சூப்பர்செல்ல (செல்லைப் பல தடவை அடுக்கின பெரிய செல்) ஒரு வேகன்சி, அதாவது ஒரு அணு இல்லாத இடம், போட்டதும் ப்ரெஷர் ஜீரோல இருந்து விலகும், உடனே செல்லையும் ரிலாக்ஸ் பண்ணணும்னு கை துறுதுறுக்கும். வேண்டாம். நிஜ க்ரிஸ்டல்ல அந்த வேகன்சியைச் சுத்தி கோடிக்கணக்கான அணு பல்க் சைஸ்ல பிடிச்சுக்கிட்டு நிக்குது, அதனால அதே ஃபங்ஷனல்ல எடுத்த பல்க் லாட்டிஸைப் பூட்டி வச்சு அணுவை மட்டும் விடுறதுதான் தனி டிஃபெக்டுக்குக் கிட்ட வரும். மிஞ்சி நிக்குற ப்ரெஷரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதை செல் வால்யூமால பெருக்கி பல்க் மாடுலஸால வகுத்தா டிஃபெக்டோட ரிலாக்ஸேஷன் வால்யூம் கிடைக்கும், தனியா ஒரு ரன் இல்லாமலே. சார்ஜ் போட்ட செல்லுக்கு மட்டும் இதைச் செய்யாதீங்க. அங்க பொட்டென்ஷியலோட ஜீரோவை எங்க வச்சிருக்கீங்கங்கிறதைப் பொறுத்து ப்ரெஷரே மாறும், கோடு அச்சடிக்கிற நம்பரை அப்படியே எடுத்தா ப்ளஸ் வர வேண்டிய ரிலாக்ஸேஷன் வால்யூம் மைனஸ்ல வந்தாலும் வரும்.